யோபுவின் மனைவி சொன்னதும் நான் சொன்னதும்

சண்டே ஸ்கூல் காலத்தில் யோபுவின் கதை எனக்குப் பிடித்திருந்தது. எண்ணிக்கைகள் நிறைய வரும் என்பதுதான் காரணம். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், 7 மகன்மார், 3 மகள்மார். எல்லாம் போய்விடும். கடைசியில் யோபுவின் உடம்பு முழுக்கப் புண் வரும். அப்போதுதான் அவருடைய மனைவி வாயைத் திறப்பாள். 42 அதிகாரங்கள் உள்ள அந்தப் புத்தகத்தில் அவள் பேசுவது ஒரே ஒரு வசனம். கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப் போகும்படி கணவனுக்குச் சொல்கிறாள்.

எங்கள் ரீச்சர் பெடியள் பக்கம் திரும்பி, "இப்பிடி ஒரு மனிசி கிடைக்கக்கூடாது எண்டு இப்பவே ஜெபம் பண்ணுங்கோ" என்றார். நாங்கள் சிரித்தோம். பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி இரவில், அந்த மனைவி சொன்னதை நான் சொன்னேன்.

என் மனைவிக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. அவளுக்கு அது சிறுநீரகங்களைப் பிடித்தது. கலியாணமாகி இரண்டாம் வருடம் கால் வீங்கத் தொடங்கியது. நான்காம் வருடம் டயாலிசிஸ். வீட்டிலேயே செய்யும் வகையைத் தெரிந்தெடுத்தோம். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். இரவில் மெஷினைப் பூட்டினால் அது திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் வைத்து, அழுக்கோடு வெளியே எடுக்கும். வயிற்றின் உள்சவ்வுதான் வடிகட்டி. ஒவ்வொரு இரவும் எட்டு ஒன்பது மணித்தியாலம். ஸ்காபரோவில் எங்கள் சின்ன அப்பார்ட்மெண்டின் ஹோல் முழுக்கத் திரவப் பெட்டிகள். சோபாவுக்கு இடமில்லாமல் அதை விற்றுவிட்டோம்.

நான் சிறுநீரகம் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு ஓ வகை இரத்தம், எனக்கு பி. சரிவரவில்லை.

இந்தக் காலம் முழுக்கச் சேர்ச்சிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிலர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அதை மறக்கமாட்டேன். சிலர் விளக்கம் கொண்டுவந்தார்கள். விசுவாசம் காணாது என்றார் ஒருவர். இன்னொருவர், பரம்பரையில் யாரோ செய்த பாவமாய் இருக்கும், அதை அறிக்கை செய்ய வேண்டும் என்றார். என் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அப்படியே நிலத்தில் இருப்பாள்.

என் வேலையில் ஒரு சிஸ்டம் விழுந்தால், மூலகாரணம் என்ன என்று அறிக்கை எழுத வேண்டும். காரணம் இல்லாமல் எதுவும் விழாது என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. அதனால் அந்த விளக்கங்களை வெறுத்தாலும், உள்ளுக்குள் நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த பெப்ரவரி இரவு, வெளியே வந்த திரவம் மங்கலாக இருந்தது. வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்கள் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அவசரப் பிரிவில் பல மணித்தியாலம் காத்திருந்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி போனில் ஒரு சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு அவரைப் பிடிச்சுக்கொண்டு தொங்கப் போறீர்? உமக்கு என்ன செய்தவர்? விட்டிடும். இதைவிடக் கும்பிடாமல் இருக்கிறது மேல்" என்றேன். இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுதவில்லை.

அவள் போனை அணைத்தாள். கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கோவம் எண்டால் கோவப்படுங்கோப்பா. நானும் களைச்சுப் போனன். இப்ப வாசிச்சதில ஒரு சொல்லும் எனக்குள்ள போகேல்ல. நீங்கள் எனக்குச் சொன்னதை அப்பிடியே அவரிட்டச் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது. எனக்காக நீங்கள் கேளுங்கோ."

எனக்குக் குழப்பமாக இருந்தது. "ஏசச் சொல்லுறீரா?"

"ஓம். ஆனா கதைக்காமல் மட்டும் விட்டிடாதேங்கோ."

வெளியே போய், கார் பார்க்கில், காருக்குள் இருந்துகொண்டு ஏசினேன். சத்தமாக, தமிழும் ஆங்கிலமும் கலந்து. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் செய்தவை எல்லாம் அம்மா சொல்லித்தந்தவை. பதில் எதுவும் வரவில்லை. கண்ணாடியில் பனி கட்டியிருந்தது. உள்ளே போனபோது அவளுக்கு அன்ரிபயோட்டிக் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்து நான் யோபுவை முதலிலிருந்து வாசித்தேன். சின்ன வயதில் கவனிக்காத சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, அந்த மனைவி எப்போது பேசினாள் என்பது. ஆடு மாடு போனபோது அவள் பேசவில்லை. பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்தபோதும் அவள் ஏதும் சொன்னதாகப் புத்தகத்தில் இல்லை. அவை அவளுடைய பிள்ளைகளும்தானே? புருஷன் சாம்பலில் இருந்துகொண்டு ஓட்டுத்துண்டால் புண்ணைச் சுரண்டுவதைப் பார்த்தபோதுதான் அவள் உடைந்தாள். தனக்கு வந்த இழப்பை அவள் தாங்கினாள். தன் மனிதன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. கட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாவது, முடிவில் யார் கண்டிக்கப்படுகிறார்கள் என்பது. வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த நல்ல வேலை. பிறகு அதிகாரம் அதிகாரமாக விளக்கம் சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது அந்த மூவரிலும்தான். மனைவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிறகு வந்த மனிதர்கள்தான் சொன்னார்கள். புனித அகுஸ்தீன் அவளைச் சாத்தானின் உதவியாள் என்றே அழைத்தார். ஆனால் கிறிஸ்துவுக்கு முன்னரே பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்தப் பிரதியில் அவளுடைய பேச்சு நீளமானது. வீணாய்ப்போன பிரசவ வலியைச் சொல்கிறாள். வீடு வீடாகக் கூலிக்கு அலைந்து, பொழுது எப்போது சாயும் என்று காத்திருப்பதைச் சொல்கிறாள்.

மூன்றாவது விஷயத்தை நான் கண்டுபிடித்தது தமிழால். நான் வேதாகமம் வாசிப்பது ஆங்கிலத்தில்தான். அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தன் பழைய தமிழ் வேதாகமத்தை விட்டுப் போனார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். மனைவி சொன்னதற்கு யோபு முதலில் கடுமையாகத்தான் பதில் சொல்கிறார். ஆனால் அடுத்து, கடவுளிடம் நன்மையை வாங்கினோமே, தீமையையும் வாங்க வேண்டாமா என்று கேட்கும் இடத்தில், தமிழில் இருக்கும் சொல் 'நாம்'.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எபிரேயத்திலும் இந்த வேறுபாடு இல்லை. தமிழில் மொழிபெயர்த்தவர் 'நாங்கள்', 'நாம்' இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவளையும் சேர்த்தால் 'நாம்'. தமிழ் வகுப்பில் இந்த வித்தியாசத்துக்காக நான் எத்தனை தரம் பிழை வாங்கியிருக்கிறேன்! 'நீ அந்தப் பக்கம், நான் கடவுளின் பக்கம்' என்று யோபு சொல்லவில்லை. அவள் அப்படிப் பேசிய பிறகும் அவளைத் தன்னோடு சேர்த்துத்தான் கதைக்கிறார்.

என் மனைவி அந்த இரவில் செய்ததும் அதைத்தான். என்னோடு வாதாடவுமில்லை, வசனம் சொல்லவுமில்லை. தன்னுடைய விசுவாசத்தைப் பெரிதாகக் காட்டவுமில்லை. காலியாகிவிட்டது என்றுதான் சொன்னாள். அந்தக் காலியான இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பிறகு ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "எல்லாரும் எனக்காக வடிவா ஜெபம் பண்ணினவை. நான் கேக்கப் பயந்ததை நீங்கள்தான் கேட்டனீங்கள். அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது" என்றாள். என் கோபம் அவளுடைய விசுவாசத்தைக் குலைத்துவிட்டது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ அதில் பிடித்துக்கொண்டு எழும்பியிருக்கிறாள்.

இதை வாசிக்கும் தம்பி தங்கைகள் பலர் இப்போது கலியாணம் பற்றி யோசிக்கும் வயதில் இருப்பீர்கள். விசுவாசமுள்ள துணை வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவரின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று சேர்ச்சில் கை தட்டும்போது தெரியாது. நீங்கள் கடவுளோடு கோபித்துக்கொண்டு நிற்கும் நாளில் அவர் உங்களை எந்தப் பக்கத்தில் வைத்துக் கதைக்கிறார் என்று பாருங்கள். நீங்களும் அவரை எந்தப் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அவளுக்கு இன்னும் சிறுநீரகம் கிடைக்கவில்லை. பொருந்தாத சோடிகள் வேறு சோடிகளோடு மாற்றிக்கொள்ளும் திட்டம் ஒன்று கனடாவில் 2009இலிருந்து நடக்கிறது. என் சிறுநீரகம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். வேறு யாருடையதோ இவளுக்கு வரும். பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஏன் அவளுக்கு இந்த நோய் வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் அறிக்கை இல்லை. யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. கேட்க வேண்டியதைக் காருக்குள் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், முன்னையவிடக் கொஞ்சம் சத்தம் குறைவாக.

மணி ஒன்பதரை. மெஷினைப் பூட்ட வேண்டும். உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்: "வாங்கோப்பா, நாம ஜெபம் பண்ணீட்டுத் தொடங்குவம்."