உள்ளே படிந்த தூசி

நவராத்திரி நெருங்கியதும் இல்லங்கள்தோறும் ஒட்டடைக்கோல் வெளியே வந்துவிடும். சரஸ்வதி பூஜையன்று ஏடும் எழுத்தாணியும் வைத்து வணங்கிய இடத்தில் இன்று கணினியும் அமர்ந்திருக்கிறது. அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சூட்டி, ஆரத்தி காட்டுகின்றனர். ஆயினும் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

சிதம்பரத்தில் தேரோடும் வீதியை ஒட்டிய ஓர் இல்லத்தில் பெரியவர் ஒருவர் தனியே வசித்து வருகிறார். அவருடைய துணைவியார் சிவபதம் அடைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த அம்மையார் ஒரு மார்கழியில் பாடிய திருவெம்பாவையின் 20 பாடல்களும் திருப்பள்ளியெழுச்சியின் 10 பாடல்களும் அவ்வீட்டுக் கணினியில் பதிவாகியிருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி கிடையாது. மாலையில் விளக்கேற்றியதும் அக்குரலைக் கேட்பது பெரியவரின் நித்திய வழக்கம்.

இந்தப் புரட்டாசியில் அக்கணினி பெரும் இரைச்சலிடத் தொடங்கியது. இயக்கிய கால்மணி நேரத்துக்குள் தானாகவே அணைந்தும் போனது. “பழைய இயந்திரம் அப்பா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்” என்றார் வெளியூரில் இருக்கும் மகன். பொறியியல் பயிலும் பேரனோ வேறொன்று கேட்டான்.

“கணினி எங்கே இருக்கிறது தாத்தா?”

“சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் கண்ணா, தரையில்.”

“அப்படியானால் தூசிதான் காரணமாக இருக்கும்.”

கணினியின் மூளையாகிய பாகம் வேலை செய்யும்போது சூடேறும். அச்சூட்டை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, சிறு மின்விசிறி அதனை வெளியேற்றும். அவ்விசிறி காற்றை உள்ளிழுக்கும்போது வீதிப் புழுதியும், ஊதுவத்திப் புகையும், கற்பூரக் கரியும், திருநீற்றுத் துகளும் உடன் செல்கின்றன. விளக்கெண்ணெய்ப் புகையின் பிசுக்கில் அவை ஒட்டிக்கொண்டு காற்றின் வழியை அடைக்கின்றன. சூடு எல்லை மீறும்போது, தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் தானே அணைந்துவிடுகிறது.

“முதலில் பாட்டியின் பாடல்களைப் பிரதி எடுங்கள் தாத்தா. அதன் பிறகே திருப்புளியைத் தொட வேண்டும்” என்றான் பேரன். இரவு முழுவதும் இயந்திரத்தை ஆறவிட்டு, விடியற்காலையில் பெரியவர் அதை இயக்கினார். முப்பது பாடல்களும் இரண்டு பென் டிரைவ்களில் ஏறி முடியும்வரை அவர் நாற்காலியில் சாயவே இல்லை.

பூஜையை முடித்துக்கொண்டு பட்டு வேட்டியுடனேயே அவர் வேலையில் இறங்க முற்பட்டபோது, கைப்பேசித் திரையில் இருந்த பேரன் தடுத்தான். பட்டும் கம்பளியும் உராய்வதால் உண்டாகும் நிலைமின்சாரம், கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே கணினியின் நுண்பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும். பெரியவர் பருத்தி வேட்டிக்கு மாறினார். மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டார்.

கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிவதற்காக இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தார். எந்தக் கம்பி எங்கே செருகியிருந்தது என்பதைப் படமெடுத்த பின்னரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். பக்கத்து வீட்டு இளைஞர் பெட்டியைத் தூக்கி முற்றத்து மேசைமீது வைத்தார். குனிந்து தூக்குவது முதுமைக்கு ஆகாது.

பக்கத் தகட்டைத் திறந்ததும், வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் இருந்த நிலைமின்சாரத்தை நீக்கிக்கொண்டார். ஈரத்துணி கூடாது, வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வீட்டு வாக்குவம் கிளீனரோ நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ஆகையால் கேமரா துடைக்கும் சிறிய ரப்பர் ஊதுகருவியும், உலர்ந்த மென்தூரிகையுமே அவர் கைகொண்டவை. விசிறி தாறுமாறாகச் சுழன்று பழுதாகாதபடி அதன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதினார். மின்கம்பி நுழையும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவில்லை. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்; வெளியிலிருந்து ஊதுவதே போதுமானது.

தகடுகளின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் திரள் வெளிவந்தது. அதில் பாதி வீதிப் புழுதி. மீதி பூஜையின் புகையும் நீறும். அம்மையார் ஏற்றிய ஊதுவத்தியின் சாம்பலும் அதில் இருந்திருக்கும். அதனைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் முற்றத்துச் செடியின் அடியில் சேர்த்தார்.

திருநாவுக்கரசர் பெருமான் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்களில் களை நீக்கிப் பணி செய்தவர். தேவாரம் பாடியவரே புல்லையும் செதுக்கினார். வழிபாட்டுக்கு முன்னர் செய்யும் தூய்மையும் வழிபாடே என்பதற்கு அதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை. புறத்தே குங்குமமும் அகத்தே புழுதியுமாக ஒரு கருவியை வணங்குவது பாதி பூஜையாகவே நின்றுவிடும்.

கணினி இப்போது சுவாமி அலமாரியை விட்டு விலகி, எதிர்ச்சுவரின் ஓரம் ஒரு பலகையின்மேல் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதனைத் திறந்து தூசி நீக்குவதென்று பெரியவர் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். சரஸ்வதி பூஜையன்று காற்றுத் துளைகளைத் தவிர்த்துப் பக்கத் தகட்டில் மட்டும் பொட்டிட்டார். தீர்த்தம் தெளிக்காமல் முன்னால் மலர் வைத்தார்.

அன்று மாலை முப்பது பாடல்களும் தடையின்றி ஒலித்தன. விசிறியின் இரைச்சல் அடங்கியிருந்ததால், ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் அம்மையார் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லிய ஒலியும் கேட்டது. அவ்வொலியைப் பெரியவர் அப்பதிவில் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.