மேட்டூரிலிருந்து மேலையூர் வரை: தண்ணீரோடு ஒரு சைக்கிள் பயணம்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும், கடைமடை ஊர்களிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப வரும்?" அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் சொல்வதைவிட, தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று 2023 ஜூனில் 14 பேர் சைக்கிளில் கிளம்பினோம். ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகள் 6 பேர், மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயிகள் 7 பேர், வேளாண்மை அலுவலரான நான். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் திட்டமே.

மொத்தம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 6 நாட்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் பத்தரை மணிக்கு நிறுத்திவிடுவோம். மறுபடி மாலை 4 மணிக்கு மேல் மிதிப்போம். பெரும்பாலும் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்கள்தான். 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகே கிளம்ப வேண்டும் என்பது ஒரே சட்டம். எங்களில் மூத்தவருக்கு 63 வயது. அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

ஆறு எங்களை முந்தியது

அந்த ஆண்டு அணை திறந்தபோது நீர்மட்டம் 103 அடி. முழுக் கொள்ளளவுக்கு 120 அடி வேண்டும். மறுநாள் 13-ஆம் தேதி விடியற்காலை, ஆற்றின் மேற்குக் கரையோடு பவானி நோக்கி மிதித்தோம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மின்சாரம் எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கீழே விடுகிறார்கள். தேங்கி நிற்கும் ஆற்றில் பழைய தண்ணீர் எது, நேற்றுத் திறந்த தண்ணீர் எது என்று தெரியவில்லை.

பவானி கூடுதுறை தாண்டியதும் காலிங்கராயன் வாய்க்கால் கூடவே வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆற்றில் அணை கட்டி, 56 மைல் தூரம் பாம்பு போல வளைத்து நொய்யல் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் பாசனம் செய்யும் ஈரோட்டு நண்பர் ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு இந்த வாய்க்கா ஓடுனாப் போதுமுங்க. பக்கத்துல ஆத்துல போற தண்ணி எங்க போவுது, யாருக்குப் போவுதுன்னு ஒருநாளும் நெனச்சுப் பாத்ததில்லீங்க."

ஈரோட்டிலிருந்து கொடுமுடி வரை பக்கவாட்டில் காற்று தள்ளியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஜூன் மாதம் சைக்கிளைச் சாய்த்துவிடும். கொடுமுடியில் காவிரி கிழக்கே திரும்புகிறது. நாங்களும் திரும்பினோம். அதே காற்று முதுகுக்குப் பின்னால் வந்து எங்களைத் தள்ளிவிட்டது. வேலாயுதம்பாளையம் சுற்றிலும் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை. காற்றுக்கு வாழையில் முட்டுக் கொடுத்திருந்த முறையை டெல்டாக்காரர்கள் நின்று பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாயனூர் கதவணை தாண்டிக் குளித்தலை வந்தபோது, அகண்ட காவிரியில் புதுத் தண்ணீர் எங்களுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. "நாம ராத்திரி தூங்குறோம், அது தூங்காம நடக்குது" என்றார் 63 வயதுக்காரர். மேட்டூரிலிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று, நான்கு நாள் ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

அன்று மாலை முக்கொம்பு. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில்தான் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடக் கதவணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும், பிறகு அங்கே புதிய கதவணை கட்டியதும் பலருக்கு நினைவிருக்கும்.

கல்லணைக்குக் கீழே நாங்கள் முந்தினோம்

ஜூன் 16 அன்று கல்லணை திறந்தார்கள். நவதானியமும் பூவும் தூவி வரவேற்றார்கள். கரிகாலன் கட்டிய அணை இன்றைக்கும் பங்கு பிரிக்கும் வேலையைத்தான் செய்கிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் கேள்விக்குப் பதில். அதுவரை எங்களை முந்திய தண்ணீர், கல்லணைக்குக் கீழே பின்தங்கிவிட்டது. ஒரே ஆறாக வந்தது குடமுருட்டி, மண்ணியாறு, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு தலைப்பிலும் பங்கு போகிறது. மாதக்கணக்கில் காய்ந்த ஆற்று மணலும் வாய்க்கால் தரையும் முதலில் தங்கள் தாகத்தைத் தீர்த்துக்கொள்கின்றன. தூர் வாராத இடத்தில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மறித்து நிற்கின்றன. திருவையாறு, கும்பகோணம் வழியாக நாங்கள் மிதித்த வேகத்துக்குத் தண்ணீரால் வர முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஆடுதுறையில் தங்கினோம். 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஊர். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களுக்கு 'ஆடுதுறை' என்று பெயர் வந்தது இங்கிருந்துதான். அந்தப் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்கள் ஆற்றை எதிர்பார்க்காமல் நடவே முடித்திருந்தார்கள். குத்தாலம், மயிலாடுதுறை தாண்டிக் கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. அங்கே போர்வெல்லை நம்ப முடியாது. ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் விதைப்பு.

மேலையூர் கடையணை

18-ஆம் தேதி மாலை பூம்புகாருக்கு முன்னால் மேலையூர் கடையணையில் சைக்கிளை நிறுத்தினோம். காவிரியின் கடைசித் தடுப்பணை இது. ஆறு வறண்டு, நாணல் மண்டிக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். விதைநெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மேட்டூர்ல தொறந்தது டிவியில தெரியுதுங்கய்யா. இங்க வருமா, வந்தா நிக்குமான்னு யாரு சொல்லுவா? நம்பி வெதைக்கலாமா?" என்று கேட்டார்.

தண்ணீர் வந்து சேர்வது ஒரு கணக்கு. கதிர் வரும்வரை தொடர்ந்து வருவது இன்னொரு கணக்கு. போர்வெல் துணை இல்லாத இடத்தில் இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான் விதைக்க வேண்டும் என்று சொன்னேன். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து மேட்டூருக்கு வரத்து ஏறாவிட்டால், குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்கு நிலத்தைத் தயார் செய்யலாம் என்றேன். அவர் காத்திருந்தார்.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்கும் மேட்டூர், அக்டோபர் 10-ஆம் தேதியே பாசனத்துக்கு மூடப்பட்டது. ஆற்றை மட்டும் நம்பி விதைத்த பல வயல்களில் குறுவை கருகியது. அந்த அம்மா மழையை வைத்துச் சம்பாவை நேரடி விதைப்பாகப் போட்டு, வீட்டுக்கு நெல் எடுத்தார். விதைநெல் வீணாகவில்லை.

கடையணையில் ஈரோட்டு நண்பர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "ஊருக்குப் போனதும் எங்க மடையில கசியற எடத்த மொதல்ல அடைக்கோணுமுங்க" என்றார். போய் அடைத்தும்விட்டார். படம் அனுப்பினார்.

கடைமடை விவசாயிகளுக்கு நான் சொல்வது மூன்று. அணை திறந்த தேதியை மட்டும் பார்த்து நாற்று விடாதீர்கள். நீர்மட்டத்தையும் வரத்தையும் 10 நாளாவது கவனியுங்கள். போர்வெல் துணை இருந்தால் 105 முதல் 115 நாள் குறுவை ரகம் போடலாம். இல்லாவிட்டால் நேரடி விதைப்புச் சம்பாவே பாதுகாப்பு. மே மாதத்துக்குள் உங்கள் மடைக்கு வரும் கிளை வாய்க்காலை ஊரே சேர்ந்து வெட்டிவிடுங்கள். வருகிற தண்ணீர் ஒரு நாளாவது முன்னால் வரும்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். கரையோரப் பாதையில் கருவேல முள் அதிகம். காலையில் கம்மங்கூழும் மதியம் தயிர்சோறும் போதும். வேறு ஆயக்கட்டு விவசாயிகள் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.