மொட்டைமாடியில் ஒரு பச்சைக் கண்ணாடி

வேளச்சேரி மொட்டைமாடியில நின்னு நெபுலா பார்க்கிறேன்னு சொன்னா ஆபீஸ்ல ஒரு மாதிரி பார்க்கிறாங்க. நியாயம்தான். அமாவாசை ராத்திரியில கூட எங்க வானத்துல நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிடலாம். என்கிட்ட இருக்கிறது 8 அங்குல டாப்சோனியன். நிலா, வியாழன், சனிக்கெல்லாம் ஊர் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. நெபுலாக்கள்தான் போக்கு காட்டும்.

அதுக்குத்தான் ஃபில்டர். ஐபீஸ் அடியில திருகி மாட்டுற ஒண்ணேகால் அங்குலக் கண்ணாடி. இது வெளிச்சத்தைக் கூட்டாதுங்க, குறைக்கத்தான் செய்யும். எதைக் குறைக்குதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

1864-ல வில்லியம் ஹக்கின்ஸ், என்.ஜி.சி. 6543-ங்கிற நெபுலாவை நிறமாலைக்காட்டி வழியா பார்த்தார். வானவில் மாதிரி பட்டை இல்லை, ஒரு சில கோடுகள் மட்டும்தான். அதுல பளிச்சுன்னு இருந்த பச்சைக் கோடு தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் ஒத்துப் போகலை. பிற்பாடு ‘நெபுலியம்’னு புதுத் தனிமமே கற்பனை பண்ணினாங்க. 1927-லதான் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார்: அது ரெண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன். நாம மூச்சு விடுற அதே சரக்கு!

அந்த ஆக்சிஜனோட ரெண்டு கோடும் 496, 501 நானோமீட்டர்ல வரும். ஓ-த்ரீ ஃபில்டர் அதை மட்டும் உள்ளே விடும். யூ.எச்.சி. கூடவே 486-ல இருக்கிற ஹைட்ரஜனையும் விடும். மத்ததுக்கெல்லாம் கதவடைப்பு.

முன்னாடி எங்க தெருவுல மஞ்சள் சோடியம் விளக்கு. அதோட வெளிச்சம் பெரும்பாலும் 589-ஐ ஒட்டியே இருக்கும், தடுக்கிறது சுலபம். இப்போ வெள்ளை எல்.இ.டி. நீலத்துல இருந்து சிவப்பு வரைக்கும் பரவிக் கிடக்கு. அந்தக் கால ‘லைட் பொல்யூஷன் ஃபில்டர்’ இதுகிட்ட அவ்வளவா எடுபடாது. குறுகலா வடிகட்டுற இந்த ரெண்டும்தான் இன்னும் தாக்குப்பிடிக்குது.

அம்மாவுக்கு 76 வயசு. திண்டிவனம் பக்கத்துல களத்துமேட்டுல படுத்துக்கிட்டு பால்வீதி பார்த்து வளர்ந்தவங்க. மூட்டுவலி. ஜவ்வாது மலைக்கு, காவலூர் பக்கம் கூட்டிட்டுப் போகலாம்னா முடியாது. மாடிப்படியே அவங்களுக்கு மலைதான். போன ஜனவரியில நாற்காலி போட்டு எம் 42 காட்டினேன், முதல்ல ஃபில்டர் இல்லாம. “நாலு புள்ளி, கொஞ்சம் புகை”ன்னாங்க. யூ.எச்.சி. மாட்டினதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ரெண்டு பக்கமும் றெக்கை விரிச்சிருக்குடா!” கண்புரை ஆபரேஷன் பண்ணின கண்ணு அது. நான் ஃபில்டர் விலையைச் சொல்லலை :-)

உடனே கடைக்கு ஓடாதீங்க. ஆண்ட்ரோமீடா மாதிரி கேலக்ஸிக்கும், நட்சத்திரக் கொத்துக்கும் இது சுத்தமா உதவாது. அதெல்லாம் நட்சத்திர வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது. ஃபில்டர் அதையும் சேர்த்து முழுங்கிடும். அதுக்கு ஊரை விட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்லை.

வாங்கினவங்களுக்கு ஒரு வித்தை. ஃபில்டரைத் திருகாம கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவுல பிடிச்சு, உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பாருங்க. நட்சத்திரமெல்லாம் மங்கும், ஒரே ஒரு புள்ளி மட்டும் மங்காம நிக்கும். அதுதான் நீங்க தேடுற கோள்வடிவ நெபுலா. தலையில ஒரு கருப்புத் துண்டையும் போட்டுக்கோங்க. எதிர்வீட்டு பால்கனி லைட்டுக்கு எந்தக் கம்பெனியும் ஃபில்டர் விக்கலை.