கொல்லை மண்டபத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

எங்கள் கொல்லையில் இருக்கும் சிறு கட்டடத்துக்கு ஆளுக்கொரு பெயர். ஆறு இரும்புக் குழாய்த் தூண், மேலே கூம்பாக ஓட்டுக் கூரை, உள்ளே சுற்றிலும் சிமெண்ட் திண்ணை. சுவர் கிடையாது. கட்டிய மேஸ்திரி ‘குடை மண்டபம்’ என்றார். பணம் கொடுத்த மகன் பெங்களூரிலிருந்து ‘கசீபோ’ என்கிறான். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘கியோஸ்க்’ என்று பெயர். கொடி படரவிட்டால் ‘தொன்னெல்’. என் அக்கா மட்டும் ‘ஆயி மண்டபம்’ என்கிறாள்.

புதுச்சேரி பாரதி பூங்காவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேலி புரியும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய வெள்ளை மண்டபம் அது. ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். நானும் அக்காவும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ம் தேதி ஊரை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகுதான் நான் பள்ளியில் சேர்ந்தேன். துரைமார் போனாலும் பாடம் பிரெஞ்சிலேயேதான் நடந்தது. பிறகு குமாஸ்தா வேலை, ஓய்வு, மனைவியின் ஊரான இந்த ஒடுகத்தூர்.

அக்காவுக்கு 82 வயது. அத்திம்பேர் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டாள். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மற்றதில் இன்னும் இருக்கிறது. வந்த நாள் முதல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசற்படி தாண்டியதில்லை. கேட்டால், “இருட்டுல காலை எங்க வெக்கிறதுன்னு தெரியலடா தம்பி” என்பாள். பகல் முழுக்க டி.வி., இரவு முழுக்கத் தூக்கமின்மை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சாயங்காலக் காற்று இந்த ஊரின் பெரிய சொத்து. அது அவளுக்குக் கிடைக்கவில்லை. மண்டபம் கட்டியதே அவளை வெளியில் உட்கார வைக்கத்தான்.

மகன் விளக்குச் சரங்களைக் கூரியரில் அனுப்பினான். பத்து சரம். எல்லாம் பளீர் வெள்ளை, அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. எதிர்வீட்டுப் பையன் ஏணி போட்டு ஏறி, தூண், கூரை, பக்கத்து மாமரம் வரை சுற்றிவிட்டான். ஸ்விட்சைப் போட்டதும் என் மனைவி, “கல்யாண வீடு மாதிரி இருக்குங்க. யாராவது மொய் எழுத வந்துடப் போறாங்க” என்றாள். அன்று லேசாக மழை பெய்து ஓய்ந்திருந்தது. அரைமணி நேரத்தில் ஈசல் கூட்டம். ஈசலுக்குப் பல்லி, தவளை. தவளையைத் தேடி எது வரும் என்று மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவைக் கைபிடித்து அழைத்து வந்தேன். இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, “கூசுதுடா. உன் மூஞ்சியே தெரியல” என்று எழுந்துவிட்டாள்.

இருட்டு என்றால் கால் தெரியவில்லை. வெளிச்சம் என்றால் முகம் தெரியவில்லை. இரண்டும் உண்மைதான். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேருகிறது என்பார்கள். அதனால் நமக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் புரை விழுந்த லென்ஸ் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கிறது. பல்பு நேராகக் கண்ணில் பட்டால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆக, முதியவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், விளக்கு கண்ணில் படக் கூடாது. இதை மகனுக்குப் போனில் விளக்கினேன். “போட்டோவுக்கு நல்லா இருக்காதேப்பா” என்றான். போட்டோவில் உட்காரப் போவது யார் என்று கேட்டேன். பேசாமல் இருந்தான்.

பத்துச் சரத்தையும் அவிழ்த்து அட்டைப் பெட்டியில் போட்டாயிற்று. வேலூரில் விசாரித்து, 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சச் சரம் இரண்டு வாங்கினேன். மஞ்சளில் நீல ஒளி குறைவு. பூச்சிகளும் குறைவாகவே வருகின்றன. ஒரு சரத்தைக் கூரை விளிம்பின் உட்பக்கம், ஒரு சாண் அகலத் தகரப் பட்டைக்குப் பின்னால் ஓட்டினோம். உட்கார்ந்திருப்பவருக்குப் பல்பு தெரியாது. ஓட்டின் அடியில் பட்டு இறங்கும் வெளிச்சம் மட்டும் தெரியும். இரண்டாவது சரம் கொல்லைக் கதவிலிருந்து மண்டபம் வரை, நடைபாதை ஓரம், கணுக்கால் உயரத்தில். இருக்கும் இரண்டு படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் கோடு. இந்தக் கோடுதான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் உபயோகம்.

வயர் விஷயத்தில் நான் கறார். நமக்கெல்லாம் பழைய சீரியல் செட் நினைவிருக்கும். 6 வோல்ட் குண்டு பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்தால்தான் 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று போனால் எல்லாம் அணையும். திருவிழாவில் செட்டுக்காரர் ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டே போவார். எங்கோ ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தால் முழு வோல்ட்டேஜும் அங்கே காத்திருக்கும். எங்கள் மண்டபத்தின் தூண்களோ இரும்பு, தரையோ மழையில் ஈரம். அதனால் அடாப்டர் உள்ள சரமாகத் தேடினேன். அடாப்டர் வீட்டுக்குள், வெளியே போவது 24 வோல்ட் மட்டும். கம்பியைச் சுவரில் நுழைக்கும் முன் ஒரு தொங்கல் விட்டிருக்கிறோம், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு, கசிவு வந்தால் அறுத்துவிடும் சுவிட்சும் உண்டு.

கரண்ட் செலவு பற்றி மனைவி கேட்டாள். ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் எரிந்த ‘ஜீரோ வாட்’ பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய மீட்டர் அதைக் கவனிக்காததால் அந்தப் பெயர் வந்தது. எங்கள் இரண்டு சரமும் சேர்ந்து அந்த ஒரு பல்புக்குச் சமம். கோப்பு அனுமதிக்கப்பட்டது.

மாமரத்துக்குச் சரம் போடாததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதே மலைத்தொடரில், ஆலங்காயம் பக்கம் ஏறினால் காவலூர். 1968-ல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1972-ல் ஒரு மீட்டர் வந்தது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்து, வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயம் காவலூர்ப் பதிவிலும் விழுந்தது. பெரிய ஊர்களின் வெளிச்சம் எட்டாத இருட்டு என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். என் மாமரம் அவர்களைக் கெடுத்துவிடாது என்பது தெரியும். ஆனால் அதே இருட்டு எங்கள் கொல்லைக்கு மேலும் இருக்கிறது. விளக்கை மேல்நோக்கி வைத்தால் அதுதான் முதலில் போகும்.

புதுச் சரம் போட்ட மறுநாள் அக்கா கதவருகே நின்று வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கை நீட்டினேன். “விடுடா” என்று தானே இறங்கினாள். திண்ணையில் உட்கார்ந்து கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தவள், “லாம்பியோன் மாதிரி இருக்கு” என்றாள்.

ஜூலை 14-க்கு முந்தின இரவு, புதுச்சேரித் தெருக்களில் காகிதக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி வைத்து எடுத்துப் போகும் விளக்குக்கு அந்தப் பெயர். எங்கள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் பிறக்கும் முன் நடந்தது. அப்பா பிரெஞ்சில் பாட்டுப் பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது மணிவரை பேசினாள். நடுவில் ஒரு தடவை அத்திம்பேர் பேரைச் சொன்னாள்; இங்கே வந்த பிறகு அவள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டது அதுவே முதல் தடவை. மனைவி சுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் விளக்குச் சரம் வாங்கி வந்திருக்கலாம். ஆணி அடிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இருட்டிய பிறகு, வீட்டிலேயே வயதில் மூத்தவரை அந்த இடத்தில் உட்கார வையுங்கள். சரத்தைக் கையில் பிடித்து மேலே, கீழே, பக்கத்தில் என்று காட்டுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிகிறதா, போகும் வழியில் படி தெரிகிறதா என்று கேளுங்கள். அவர் ‘தெரிகிறது’ என்று சொல்லும் இடத்தில் ஆணியை அடியுங்கள்.