பம்பலப்பிட்டிக் கடல்

2009 ஒக்டோபர் 29. மனநோயோடு வாழ்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் கொழும்பு பம்பலப்பிட்டியில் ரயில்கள், வாகனங்கள்மீது கல்லெறிந்தார். பொலிஸ் வந்தது. கடலுக்குள் இறங்கியவர் கைகூப்பிக் கெஞ்சக் கெஞ்சப் பொல்லால் அடித்து ஆழத்துக்குத் தள்ளினார்கள். மூழ்கிப்போனார். கரையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காணொளியாக நாடே பார்த்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றும் வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை நிலைகுலைந்து வீதிக்கு ஓடினால் நம் கை தேடுவது பொலிஸின் 119ஐத்தான். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989 முதல் பல்லாண்டுகள் ஆயுதமில்லாத மருத்துவப் பணியாளரும் நெருக்கடி ஆலோசகருமே இப்படியான அழைப்புகளுக்குப் போனார்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும் நம் நாட்டில், தமிழ் பேசும் மனநலத் தாதி ஒருவரைப் பொலிஸோடு அனுப்ப முடியாதா? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையங்களிலாவது தொடங்குங்கள்.