பொன்னானி முதல் பூம்புகார் வரை: இரண்டு தோழிகள், இரண்டு சைக்கிள்கள்

பீளமேட்டில் பிறந்து பீளமேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நாலே தெரு. அதனால் மற்றப் பெண்களைப் போல 'ஊருக்குப் போயிட்டு வர்றேன்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எனக்கு ஓர் ஊரே இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் 56 வயதில், என் தோழியோடு, அரபிக்கடலிலிருந்து வங்கக்கடல் வரை சைக்கிளில் போய்வந்தேன் என்றால் நம்புவீர்களா?

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவர் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் நேரத்தில் அவருடைய சைக்கிளை மெல்ல நகர்த்திக்கொண்டு போய்க் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் நான். பிறகு தோழியும் நானும் கிருஷ்ணம்மாள் கல்லூரிக்குத் தினமும் சைக்கிளில்தான் போனோம். கல்யாணம் ஆயிற்று. சைக்கிள் திண்ணைக்கு வந்தது. திண்ணையிலிருந்து பழைய இரும்புக்காரரிடம் போனது. அவ்வளவுதான். முப்பது வருஷம் அதைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை.

தோழிக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து, டாக்டர் தேகப்பயிற்சி செய்யச் சொன்னபோதுதான் மறுபடி ஆரம்பித்தோம். அவள் மகனுடைய கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். நான் சாதாரண லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். காலையில் சிங்காநல்லூர்க் குளக்கரை வரை போய்வருவோம். போகும்போது எதிர்க்காற்று மூச்சு வாங்கும். "இந்தக் காத்து எங்கிருந்து புள்ள வருது?" என்று ஒருநாள் கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பதிலையும் அவளே சொன்னாள்.

மேற்குத் தொடர்ச்சி மலை மதில் மாதிரி நீளமாக நிற்கிறதல்லவா? அதில் ஒரு பெரிய வாசல் உண்டு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் நம் ஊருக்குள் நுழைகிறது. ஆடியில் அம்மி பறப்பதற்கும், பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழல்வதற்கும் அதுவே காரணம். "அந்தக் காத்தை முதுகில வாங்கிக்கிட்டு மேற்குக் கடல்ல கிளம்பினா, கிழக்குக் கடலுக்கே போயிரலாம்" என்றாள்.

நாட்டைக் கடப்பது என்றால் காஷ்மீரிலிருந்து குமரிவரை போவதுதான் என்று நினைத்திருந்தேன். குறுக்கே கடக்கலாம் என்று தோன்றவே இல்லை. பாரதப்புழை கடலில் சேரும் பொன்னானியில் தொடங்கி, காவேரி கடலில் சேரும் பூம்புகாரில் முடித்தால் சுமார் 500 கிலோமீட்டர். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே மேலைக் கடற்கரைக்கும் கருவூருக்கும் இடையே வணிகர்கள் இந்தக் கணவாய் வழியாகத்தான் போய்வந்தார்கள். வழியில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிகள் செய்த பட்டறைகளைத் தொல்லியலார் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

"இந்த வயசிலயா?" என்று நான் தயங்கியபோது தோழி அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபியைப் பற்றிச் சொன்னாள். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு நிலப்படப் புத்தகமும் கிடைக்க, இந்தியா வரை சைக்கிளிலேயே போவதென்று அப்போதே முடிவு செய்தாராம். ஆனால் நோயாளித் தாயைக் கவனிக்க வேண்டியிருந்ததால் 31 வயதில்தான், 1963-ல், கிளம்ப முடிந்தது. டில்லி வரை வந்தும் சேர்ந்தார். "அவங்க இருபது வருசம் பொறுத்தாங்க. நாம முப்பது வருசம் பொறுத்தாச்சு" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மூன்று மாதம் பழகினோம். முதலில் மருதமலை அடிவாரம், பிறகு அவிநாசி போய் அன்றே திரும்புவது. இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டோம். சைக்கிள் கடைக்காரர் சீட்டை உயர்த்திக் கொடுத்தார். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டுமாம். அதன் பிறகு என் முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. ஆளுக்கு இரண்டு சுடிதார், மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், தேங்காய் எண்ணெய், மருந்து. மூட்டை இவ்வளவுதான்.

சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக் குட்டிப்புரத்தில் இறங்கி, 2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னானிக் கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினோம். தூறலோடு பட்டாம்பி, ஒற்றப்பாலம். ராத்திரி தங்கிய விடுதியில் மானேஜர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட ஆண்கள் யாரும் வரலையா?" என்றார். "சைக்கிள் ரெண்டுதானுங்க. மூணாவது ஆளுக்கு இடமில்லீங்க" என்றாள் தோழி. மனிதர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் பாலக்காடு தாண்டியதும் காற்று கை வைத்துத் தள்ள ஆரம்பித்தது. பாதை மெல்ல மெல்ல ஏற்றம். ஆனாலும் அவ்வளவாகத் தெரியவில்லை. வாளையாறு கடந்ததும் யாரோ குழாயை மூடியது போல மழை நின்றது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் ஏறினால் கோவை. அதற்கப்புறம் கடல்வரை மொத்தத்தில் இறக்கம்தான் என்று தோழி கணக்குச் சொன்னாள். அவிநாசி ரோட்டில் அப்போது மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்தப் புழுதியில் நுழைந்து, சாயங்காலம் என் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அன்றிரவு தங்கல் எங்கள் வீட்டில்தான்.

இங்கேதான், சகோதரிகளே, என் பயணம் முடிந்துபோக இருந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கண் தானாகச் சமையலறைக்குப் போனது. தொட்டியில் பாத்திரம். கொடியில் நனைந்த துணி. வீட்டுக்காரர் பெருமையாகக் கொள்ளு ரசம் வைத்திருந்தார்; அடுப்பு மேடையெல்லாம் அதன் அடையாளம். அத்தைக்கு 82 வயது, லேசாக இருமிக்கொண்டிருந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே முகம் கழுவியதும் முந்தானையைச் செருகி இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். ஊறப்போட்டால் ஆட்ட வேண்டும். ஆட்டினால் மறுநாள் ஊற்ற வேண்டும். ராத்திரி படுக்கும்போது, 'தோழியிடம் காலையில் சொல்லிவிடலாம், இவ்வளவு தூரம் வந்ததே போதும்' என்று முடிவு செய்துவிட்டேன்.

விடியற்காலை அத்தை கூப்பிட்டார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் காதோலை, கருகமணி. ஆடிப்பெருக்குக்குக் காவேரியில் விடுவது. நாங்கள் பொன்னானியில் இருந்தபோதே பேரனை ரங்கே கவுடர் வீதிக்கு அனுப்பி வாங்கி வைத்திருக்கிறார்!

"பதினெட்டாம் பெருக்குக்குக் காவேரிக்குப் போய் நாப்பது வருசமாச்சு கண்ணு. இனி நான் எங்க போறது? எம்பேரைச் சொல்லி நீ விட்டுட்டு வா."

"இருமல் இருக்குதுங்களே அத்தை..."

"நீ வந்து உக்காந்தா நின்னுருமாக்கும்? கெளம்பு."

ஊறிய அரிசியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். 500 கிலோமீட்டரில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அறைக்கும் வாசற்படிக்கும் இடையே உள்ள அந்தப் பத்தடிதான்.

சூலூர், பல்லடம் வழியாகக் காங்கயம். வழிநெடுக விசைத்தறிச் சத்தம், கொப்பரை காயும் களங்கள். வெள்ளக்கோவில் போகும் வழியில் தோழி திடீரென்று தள்ளாடி நிறுத்தினாள். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சுக் குழறுகிறது. அன்று ஆடிச் செவ்வாய். விரதம் என்று வெறும் காபியோடு கிளம்பி, மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை! கையிலிருந்த கடலைமிட்டாயை நீட்டினேன். பக்கத்தில் கம்மங்கூழ் விற்ற ஆத்தா, "அது மெதுவாத்தான் புடிக்கும் அம்மிணி" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் கொடுத்தார். அந்த அம்மா வீட்டுக்காரருக்கும் சர்க்கரை நோயாம். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். பிறகு கூழும் மோரும் குடித்தாள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது. குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். ஆனால் நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் புள்ள சொல்லல?" என்றேன். "சொன்னா நீ திரும்பிப் போலாம்னுருவே" என்றாள். நான் வீட்டில் அரிசி ஊறப்போட்ட கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். புளியமரத்தடியில் உட்கார்ந்து இருவரும் அழுதோம், பிறகு சிரித்தோம். இனி எதையும் மறைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த நாள் கரூர் தாண்டி மாயனூரில் காவேரியைப் பார்த்தோம். குளித்தலையில் தங்கி, ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போய்ச் சேர்ந்தோம். படித்துறை முழுக்கப் பெண்கள்; புது மஞ்சள் கயிறு, முளைப்பாரி, தேங்காய்ச்சாதம், புளிச்சாதம். அத்தை பெயரைச் சொல்லிக் காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டேன். போனில் காட்டியபோது, "தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்திருக்குது?" என்றுதான் அத்தை கேட்டார்.

அங்கே ஒரு பாட்டி என் சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கமாம். "நானு அறிவொளியில ஓட்டக் கத்துக்கிட்டவ" என்றார். 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். "தண்ணிக்கொடத்தைக் கட்டிக்கிட்டுப் போவேன். பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கறது நின்னுச்சு" என்றார். எங்களுக்கு இது உல்லாசம். அவருக்கு அது விடுதலை.

பிறகு கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று வயலும் வாய்க்காலுமாகப் போனது பாதை. எட்டாம் நாள் காலை பூம்புகார். மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அலையில் நின்றோம். நம் வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலும் காவேரியில் கலந்து இங்கேதான் வரவேண்டும் என்றாள் தோழி. எனக்கென்று போக ஓர் ஊர் இல்லையே என்ற பழைய குறை அன்றைக்குப் போயிற்று.

ரயிலில் வீடு திரும்பியபோது அத்தையின் இருமல் நின்றிருந்தது. வீட்டுக்காரர் இட்லி ஊற்றப் பழகியிருந்தார். கல் மாதிரிதான், ஆனாலும் இட்லி. தோழி டாக்டரிடம் போய், பயிற்சிக்குத் தக்கபடி மாத்திரையை மாற்றிக்கொண்டாள்.

உங்களையும் கடலுக்குக் கடல் போகச் சொல்லவில்லை. திண்ணையில் சைக்கிள் நின்றால் காற்றடித்துக் காய்கறிக் கடை வரை போய்வாருங்கள். கூட ஒரு தோழியையும் அழைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அரிசி மட்டும் ஊறப்போட்டுவிடாதீர்கள்!