வேலைக்கு வராதவர்களின் பட்டியல்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 5634 என்ற எண்ணில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் மையால் எழுதியிருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாற்பது ஆண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கறுப்பு மையில் தேதிகள். தேதிக்கு மேலே பொடியெழுத்தில், சிவப்பு மையில், அன்றைக்கு அந்த ஆள் ஏன் வேலைக்கு வரவில்லை என்ற காரணம். ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண்நோய். ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் இறந்துபோன தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் ராம்சேஸின் நாற்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1240 வாக்கில், ஓர் எழுத்தர் வைத்திருந்த வருகைப் பதிவேடு இது.

எகிப்தியல் என் தொழில் என்று சொன்னதும் எல்லோரும் பிரமிடைப் பற்றியும் மம்மியின் சாபத்தைப் பற்றியும் கேட்பார்கள். கீஸா பிரமிடின் அடியில் நிற்கும்போது எனக்கும் பேச்சு வருவதில்லை. ஆனால் இத்தனை வருடங்களாகத் தினமும் காலையில் என்னை மேஜைக்கு இழுத்து வருவது, பீர் காய்ச்ச விடுப்பு எடுத்த அந்த ஆள்தான். அரசர்கள் தங்களைப் பற்றி உலகம் என்ன நினைக்கவேண்டும் என்று விரும்பினார்களோ அதைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். இந்தச் சில்லில் எழுதியவருக்கு வருங்காலத்திடம் சொல்ல எதுவும் இல்லை. மாதக் கடைசியில் கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே அவர் சொல்வதை என்னால் நம்ப முடிகிறது.

இந்த ஆட்கள் வாழ்ந்த ஊர் தேர் எல்-மதீனா. லக்ஸரின் மேற்குக் கரையில் வயல்கள் முடிந்து மொட்டைக் குன்றுகள் எழும்பும் இடத்தில், இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்தவர்கள், சுவருக்குப் பூச்சு பூசியவர்கள், ஓவியம் தீட்டியவர்கள் எல்லோரும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் குடியிருந்தார்கள். மதிலுக்குள் அறுபத்தெட்டு வீடுகள். ஒன்றின் சுவரோடு இன்னொன்று ஒட்டியிருக்கும். ஒடுக்கமாக நீளும் வீடுகள். முன்கட்டு, கூடம், உள்ளறை, கடைசியில் சமையற்கட்டு, அங்கிருந்து மாடிக்குப் படி. இன்றைக்கும் அந்தத் தெருவில் நடக்கலாம். சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. வாசற்படியும் நிலைக்கால் குழியும் தெரிகின்றன. வேலை நாட்களில் ஆண்கள் குன்றேறிப் போய், கணவாயிலிருந்த கற்குடிசைகளில் இரவு தங்கினார்கள். பத்து நாள்தான் அவர்களுக்கு ஒரு வாரம். வார முடிவில் வீடு திரும்புவார்கள்.

ஊரில் தண்ணீர் கிடையாது. ஆற்றுப்பக்கத்திலிருந்து கழுதைகளின் முதுகில்தான் வரவேண்டும். ஊருக்கு வடக்கே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். தண்ணீருக்காகத்தான் தோண்டியிருக்க வேண்டும், ஊற்று வரவில்லை. பிறகு அந்தக் குழி குப்பைக்கிடங்காகிவிட்டது. 1922இலிருந்து கெய்ரோவின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக இங்கே அகழ்ந்த பெர்னார் ப்ரூயேர் அந்தக் குழியைக் காலிசெய்தபோது ஆயிரக்கணக்கில் எழுத்துச் சில்லுகள் மேலே வந்தன. ஆஸ்ட்ரகா என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். பாப்பிரஸ் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. கல்லறை குடையும் ஊரில் கல்சில்லுக்குப் பஞ்சமா? குனிந்தால் கையில் ஒன்று கிடைக்கும். உடைந்த பானையோட்டையும் விட்டுவைக்கவில்லை. ஓட்டில் பெயர் எழுதும் கை நம்மவர்களுக்கும் இருந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் எழுதிய பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. அவை தேர் எல்-மதீனா காலியாகி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவை. என் வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த ஓடுகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகும்.

இந்தச் சில்லுகளைப் படிக்கக் கற்றுத்தந்தவர்களில் முதல்வர் என்று நான் வைத்திருப்பது யாரொஸ்லாவ் செர்னியை. பிராகில் வங்கி ஊழியராக இருந்தபடியே எகிப்தியல் படித்தவர். கணக்குப் பேரேட்டில் பழகிய கண்ணுக்கு இந்தப் பதிவேடுகள் அந்நியமாகத் தெரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். அவருடைய கையெழுத்து நோட்டுகள் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. அவர் பிரதி எடுத்த பிறகு மூலத்தில் மை உதிர்ந்துபோன இடங்களுக்கு அந்த நோட்டைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

சில்லு ஒன்று கைக்கு வந்தால் முதலில் நான் எதையும் படிப்பதில்லை. மணல் நிரப்பிய சிறு மெத்தையில் வைத்து, விளக்கை இடப்பக்கமாகத் தாழ்த்தி, கல்லை மெல்லச் சாய்த்துப் பார்ப்பேன். கல்லின் இயற்கையான கறை எது, மை எது என்று கண் பிரித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். எழுத்து ஹைராட்டிக், ஹைரோகிளிஃபை வேகமாக எழுத எழுதத் தேய்ந்து வந்த கூட்டெழுத்து. வலமிருந்து இடமாகப் போகும். எழுதியது நுனியை நைத்துத் தூரிகையாக்கிய கோரைத் தண்டால். அதை மையில் தோய்த்து எழுதினால் முதல் எழுத்து தடித்துக் கறுப்பாக விழும், போகப்போக வெளிறும், மறுபடி தோய்த்ததும் திடீரென்று கறுக்கும். இந்தக் கறுப்பும் வெளிறலும்தான் எனக்கு முதல் வழிகாட்டி. எழுதியவர் எங்கே கையை எடுத்தார், எங்கே யோசித்தார், எந்தப் பெயரை முன்பே எழுதிவைத்துத் தேதியைப் பிறகு நிரப்பினார் என்பதெல்லாம் அதில் தெரியும். பட்டியலில் பெயர்கள் ஒரே சீராகவும் தேதிகள் வெவ்வேறு கறுப்பிலும் இருந்தால், அது நாளுக்கு நாள் நிரப்பிய ஏடு. எல்லாம் ஒரே கறுப்பில் ஓடினால், வேறெங்கோ இருந்த குறிப்பைப் பார்த்து ஒரே மூச்சில் எழுதியது.

அகச்சிவப்புப் படம் எடுத்தால் கண்ணுக்கே தெரியாத கரிமை பளிச்சென்று மேலே வரும். ஆனால் அதில் காவி மை மங்கிவிடும். ஆகவே அகச்சிவப்பை மட்டும் நம்பினால் 5634 போன்ற ஏட்டில் தேதிகள் மிஞ்சும், காரணங்கள் போய்விடும். காவிக்கு வேறு வகையில் படத்தின் நிறங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதன் பிறகே கோடு கோடாக நகல் வரைவது, ஹைரோகிளிஃபில் பெயர்த்து எழுதுவது, ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம். நகல் வரைவதைக் கணினிக்கு விட்டுவிடலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நான் விடுவதில்லை. எழுதியவரின் கை போன திசையில் என் கை ஒருமுறை போனால்தான் அந்தக் கோடு ஏன் அப்படி வளைந்தது என்று எனக்குப் பிடிபடும்.

இப்படியே வருடங்கள் போனால் ஆட்களைக் கையெழுத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. கென்ஹெர்கெப்ஷெஃப் என்ற எழுத்தரின் கை பெரிதாக, அவசரமாக, கோணலாக இருக்கும். ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது. அவர் வைத்திருந்த கனவு நூல் ஒன்று இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இன்ன கனவு கண்டால் நல்லது, இன்ன கனவு கண்டால் கெட்டது என்று வரிசையாகச் சொல்லும் பாப்பிரஸ். அதன் பின்பக்கம் காலியாக இருந்ததால் இரண்டாம் ராம்சேஸின் காதேஷ் போர்க் கவிதையைத் தன் கையால் அதில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

அவருடைய மனைவி நௌநக்தே. கணவர் இறந்த பிறகு அந்த அம்மாள் காயெம்நுன் என்ற தொழிலாளியை மணந்து எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ஐந்தாம் ராம்சேஸின் மூன்றாம் ஆட்சியாண்டில், ஊர்ச் சபையின் முன்னால் தன் சொத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கிறார். முதுமையில் தன்னைக் கவனித்தவர்களுக்குத் தன் பங்கு உண்டு, கவனிக்காதவர்களுக்குக் கிடையாது. அதையும் பெயர் சொல்லியே அறிவிக்கிறார். ஒரு மகனுக்கு மட்டும் பங்குக்கு மேல் ஒரு வெண்கலக் கழுவுகிண்ணம் சேர்த்துக் கிடைக்கிறது. அந்த மகனின் பெயரும் கென்ஹெர்கெப்ஷெஃப். முதல் கணவரின் பெயரை இரண்டாம் கணவரின் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்! கனவு நூலும் அந்தப் பிள்ளைகளின் கைக்கே வந்தது. அவர்களில் ஒருவர் அதில் தன் பெயரைச் சேர்த்திருக்கிறார். உயில் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனில் இருக்கிறது. செர்னி அதை 1945இல் வெளியிட்டார். ஒரு வீட்டின் கதை இப்படி வெவ்வேறு நகரங்களில் சிதறிக் கிடந்து, படிக்கிறவர் மேஜையில் ஒன்று சேர்கிறது. இந்தச் சந்தோஷத்தை வேறெந்த வேலையும் எனக்குத் தந்திருக்காது.

உயிலை எழுதியவர் அமென்நக்த் என்ற எழுத்தர். உலகின் முதல் வேலைநிறுத்தப் பதிவு என்று சொல்லப்படும், இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் பாப்பிரஸும் அவர் பொறுப்பில் எழுந்ததுதான். மூன்றாம் ராம்சேஸின் இருபத்தொன்பதாம் ஆண்டில், கூலித் தானியம் நாள் தவறிப்போனதால், தொழிலாளர்கள் காவல் சுவர்களைத் தாண்டிப் போய்க் கோயில்களின் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் தங்களை இங்கே துரத்தின, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று முறையிட்டார்கள். நிலுவை கைக்கு வரும்வரை அசையவில்லை. அதிகாரிகளிடம் தொழிலாளர்கள் பேசிய தோரணையைக் கவனித்தால், தாங்கள் இல்லாமல் அரசனின் கல்லறை முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கூலி என்ன மதிப்பு என்று பார்ப்போம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு கார் கோதுமை, ஒன்றரை கார் பார்லி. கார் என்பது சுமார் 77 லிட்டர் கொள்ளும் மூட்டை. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. நாணயம் கிடையாது, ஆனால் எல்லாவற்றையும் செம்பு எடையில் மதிப்பிடுவார்கள். ஒரு தெபென் சுமார் 91 கிராம். மாதக் கூலி ஏறக்குறைய 11 தெபென் பெறும். ஒரு ஜோடிச் செருப்பு ஒன்றிரண்டு தெபென். ஒரு கழுதை முப்பது தெபென் அளவுக்குப் போகும், அதாவது கிட்டத்தட்ட மூன்று மாதக் கூலி. இது தெரிந்த பிறகு, கழுதை வாடகைத் தகராறுகள் ஏன் அத்தனை சில்லுகளை நிரப்பியிருக்கின்றன என்று புரியும். வாடகைக்குப் போன கழுதை செத்துவிட்டால் மூன்று மாத உழைப்பு போய்விட்டது. சில வழக்குகள், தெய்வமாகிவிட்ட முதலாம் அமென்ஹோடெப்பின் சிலை முன்னால் போகும். ஊர்வலத்தில் சிலையைச் சுமப்பவர்கள் முன்னால் நகர்ந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை.

பதிவேட்டில் ‘கண்’ என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது பெர்லினில் இருக்கும் ஒரு சில்லு எனக்கு ஞாபகம் வரும். ஓவியர் ஒருவர் தன் மகனுக்கு எழுதிய கடிதம். மகனும் ஓவியர்தான். என்னைக் கைவிட்டுவிடாதே, உடம்பு சரியில்லை, கண்ணுக்குப் போடத் தேனும் கொஞ்சம் காவியும் நல்ல கண்மையும் கொண்டுவா என்று கேட்கிறார். ஓவியருக்குப் பார்வை போகிறது. பாறைக்குள் கல்தூசியிலும் விளக்குப் புகையிலும் வேலை செய்த கண்கள். அரசர்களின் கல்லறையில் இன்றும் பளிச்சிடும் நீலத்தையும் மஞ்சளையும் பார்க்கும்போது என் மனம் அந்தக் கடிதத்துக்கே போகிறது. சுவரில் கோடு நேராகப் போன இடத்தில் அதை இழுத்த கையையும் கண்ணையும் தேடுகிறேன்.

இவ்வளவு பிரியம் வைத்தவருக்கு ஓர் அபாயமும் உண்டு. ஹைராட்டிக்கை வேகமாக எழுதும்போது ரகரமும் தகரமும் டகரமும் ஒரே மாதிரிக் கோடாகச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் எந்தப் பெயரைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அந்தப் பெயரே கண்ணுக்குத் தெரியும். தெரிந்த ஒருவர் மேல் திருட்டு வழக்கு என்றால் கதை சுவையாக வருமே என்று மனம் சொல்லும். அதனால்தான் எங்கள் தொழிலில் சேதமான இடத்தைச் சாய்கோடு போட்டுக் காட்டுகிறோம். ஊகித்த எழுத்தை அடைப்புக்குள் வைக்கிறோம். இந்த ஒழுங்கைப் புதிதாக வருகிறவர்கள் வறட்டுத்தனம் என்று நினைப்பார்கள். எனக்கு அது மரியாதையாகப் படுகிறது. தன் தாய்க்குத் துணி சுற்றப் போன மனிதனைப் பற்றி, அவன் சொல்லாத ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இப்போது என் மேஜையில் இருப்பது ஒரு கழுதை வாடகைச் சீட்டின் வலது பாதி. வரிகளின் தொடக்கம் இருக்கிறது, முடிவு உடைந்துபோயிற்று. உடைமையாளரின் பெயர் தெளிவு. எடுத்துக்கொண்டு போனவரின் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சில்லுகள் வியாபாரிகள் வழியாக எங்கெங்கோ விற்றுப்போயின. ஒரே சில்லின் இரண்டு பாதிகள் வெவ்வேறு அருங்காட்சியகங்களில் கிடைத்துச் சேர்ந்தது பல தடவை நடந்திருக்கிறது. எனவே உடைந்த விளிம்பை முழு அளவில் வரைந்து வைத்திருக்கிறேன். கெய்ரோத் தொகுதிகளின் படத்தட்டுகளை இந்த வாரம் பார்க்கத் தொடங்கிவிட்டேன். எழுதிய கை எது என்று பிடிபட்டுவிட்டது. அதே கையில் வந்த சீட்டுகளை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தூரின் பட்டியலுக்குப் போகவேண்டும்.